வக்கா எதைப் பார்த்தது?

பிள்ளைகளே, "ஒன்றும் கேட்காதே, வாயை மூடிக்கொண்டு என் பின்னால் வா" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் போவீர்களா? போக மாட்டீர்கள் அல்லவா? செல்லக்கனி முயலுக்கும் போக மனமில்லைதான். ஆனால் அதற்கு வேறு வழி இல்லை.

கடலோரத்தில் ஒரு பனங்காடு இருந்தது. அங்கே வடலி என்னும் இளம் பனைகளின் அடியில் செல்லக்கனி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. மூத்தவன் கடுக்கன். இளையவள் பொட்டு. நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால் அந்தப் பெயர்.

செல்லக்கனிக்கு எதை எடுத்தாலும் சந்தேகம். பனம்பழம் பொத்தென்று விழுந்தால், "தானா விழுந்துச்சா, எவனும் தள்ளிவிட்டானா?" என்று கேட்கும். ஓலை சலசலத்தால், "எதுக்குச் சத்தம் வருது?" என்று கேட்கும். சத்தம் அடங்கினால், "எதுக்கு நின்னுச்சு?" என்று அதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கும். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முயல் வீட்டில் சந்தேகம் இல்லாவிட்டால், அந்த வீட்டில் முயலே இருக்காது.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. பனங்காட்டுக் குட்டையில் முதலில் தவளைச் சத்தம் போனது. பிறகு தண்ணீர் போனது. கடைசியில் சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. நுங்கு எடுத்துவிட்டு எறிந்த மட்டைகளைக் குட்டிகள் நக்கிப் பார்த்தன. அவையும் காய்ந்து கட்டையாகிவிட்டன. பொட்டுவின் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. "அம்மா, தண்ணி" என்று கேட்கக்கூட அதன் வாயில் எச்சில் இல்லை.

பனங்காட்டுக்கு அப்பால் அலையாத்திக் காடு. அதற்கும் அப்பால் ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில் நல்ல தண்ணீர் ஊற்று ஒன்று உண்டு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் போவது எப்படி? கடல் ஏறினால் அலையாத்திக் காடு முழுக்கத் தண்ணீர். கடல் வற்றினால் ஆளை விழுங்கும் சேறு. அதில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்தது ஒரே ஒரு பறவைக்குத்தான். அதுதான் வக்கா.

வக்காவும் ஒரு கொக்குதான். ஆனால் வெள்ளை வெளேர் என்று இருக்காது. சாம்பல் நிறத்து உடம்பு. கறுத்த முதுகு. கழுத்தே இல்லாதது போல ஒரு கூன். கண் மட்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருக்கும். அது யாரோடும் வம்பு பேசாது, அதிகம் வாயும் திறக்காது. கிளையில் உட்கார்ந்தால் மரத்தில் ஒரு முண்டு முளைத்த மாதிரி இருக்கும்.

செல்லக்கனி அந்த மரத்தடிக்குப் போய் நின்றது.

"வக்காண்ணே! எங்களைத் திட்டுக்குக் கூட்டிட்டுப் போவியளா?"

"போவேன். நாளைக்கு விடியவும் கடல் வத்தும். அப்ப வா."

"அதுக்கு நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணுமேவா?" செல்லக்கனியின் இரண்டு காதுகளும் விறைத்து நின்றன. சும்மா கிடைக்கிற உதவியை அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"ஒண்ணும் வேண்டாம். ஆனா சேத்துல கால் வச்சதுல இருந்து திட்டுல ஏறுற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. நான் கால் வச்ச இடத்துலதான் நீங்களும் கால் வைக்கணும்."

"ஏன் பேசக் கூடாது?"

வக்கா ஒரு கண்ணை மூடியது. பிறகு மற்றக் கண்ணையும் மூடியது.

"தூக்கம் வருது. நாளைக்கு வா," என்றது.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே! செல்லக்கனி யோசனையோடு வீடு திரும்பியது. வழியில் ஒரு பெரிய உடைமுள் புதர். புதருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன மதினி! செவத்தக் கண்ணன்கிட்ட ரகசியப் பேச்சா?"

சங்கிலி நரி! செல்லக்கனி ஓடத் தயாராகப் பின்னங்காலை ஊன்றிக்கொண்டது.

"உனக்கு என்னலே சோலி? நீ நரி. உன் பேச்சை நான் நம்ப மாட்டேன்!"

"நம்பாதே!" என்று சங்கிலி விழுந்து விழுந்து சிரித்தது. "உன்னை யாரு நம்பச் சொன்னா? என்னை நானே நம்ப மாட்டேன்! நல்லாக் கேட்டுக்கோ மதினி, என்னை நம்பாதே. ஆனா அந்த வக்காவையும் நம்பாதே. மாரிக்கொழுந்து கீரி பிள்ளைகுட்டியோட அது பின்னால போச்சே, திரும்பி வந்துச்சா?"

செல்லக்கனி யோசித்துப் பார்த்தது. வரவில்லை.

"அதுக்கு முந்தி முள்ளெலி போச்சு. வந்துச்சா?"

அதுவும் வரவில்லை.

"கூலி எதும் கேட்டுச்சா?"

"இல்ல... ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டு."

"கேக்காது! எதுக்குக் கேக்கணும்? வழியில எடுத்துக்கிடும்!" சங்கிலி குரலைத் தாழ்த்தியது. "நாளைக்குப் போகும்போது பாரு. அது உன் மூஞ்சியைப் பாக்காது. உன் பிள்ளைக காலைத்தான் பாக்கும். எதுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா, நரி கோள் மூட்டுதும்பே. நீயே பாத்துக்கோ. அப்புறம் இன்னொண்ணு. கடல் ஏறிட்டா அதுக்குச் செறகு இருக்கு, பறந்துரும். உனக்கு என்ன இருக்கு? காதுதான் இருக்கு!"

செல்லக்கனி தன் காதுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"நேரா நடந்தா வெரசாப் போயிரலாம்," என்று சங்கிலி போகிற போக்கில் சொன்னது. "நடுவுல ஒரு மேட்டுல தில்லை மரங்க நிக்கும். அதுக்கு இடையில நேரா வெளிச்சம் தெரியும். அந்தப் பக்கம் திட்டு. ஆனா வக்கா உன்னை வளைச்சு வளைச்சு இழுத்துட்டுப் போகும், பாத்துக்கோ. சரி மதினி, எனக்கு என்ன வந்துச்சு? நான் வாரேன்."

வாலை ஆட்டிக்கொண்டே அது போய்விட்டது.

நரி எதற்காக இவ்வளவு தூரம் வந்து, கால் கடுக்க நின்று, இதையெல்லாம் சொன்னது? வேறொரு நாளாக இருந்தால் செல்லக்கனி இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்கும். ஆனால் அதன் சந்தேகம் முழுவதும் வக்கா பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கமே காவல் நின்றால் மறு பக்கம் வேலி திறந்துதானே கிடக்கும்?

மறுநாள் விடிந்தது. கடல் வற்றியிருந்தது. பொட்டு எழுந்து நிற்கவே தள்ளாடியது. போகாமல் இருக்க முடியாது. செல்லக்கனி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சேற்றின் ஓரம் வந்தது.

"மக்கா, ரெண்டு பேரும் என்கூடவே ஒட்டி வரணும். சரியா?"

"அம்மா, அந்த மாமா கண்ணு ஏன் செவப்பா இருக்கு?" என்று கடுக்கன் கேட்டது.

"ஸ்ஸ்!" என்றது வக்கா. அவ்வளவுதான். நடக்கத் தொடங்கிவிட்டது.

முன்னால் வக்கா. அதன் பின்னால் கடுக்கன், பொட்டு. கடைசியில் செல்லக்கனி. நால்வரும் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்தார்கள்.

ஆகா, அது ஒரு தனி உலகம்! சேற்றுக்குள் இருந்து மூச்சு வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன, மண்ணுக்குள் யாரோ கையை விரித்துப் படுத்திருப்பது போல. கண்டல் மரங்கள் சிலந்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றன. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் வளை வாசலில் நின்று, "வா வா" என்றோ "போ போ" என்றோ கையை ஆட்டின. எங்கே பார்த்தாலும் சத்தம். டிக், டிக். டப், டப். புளுக். யாரோ ஊர் முழுக்க விரலைச் சொடுக்கிக்கொண்டிருக்கிற மாதிரி.

பொட்டு ஒரு நண்டைக் காட்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு வந்துவிட்டது. செல்லக்கனி பதறிப்போய்க் காதால் அதன் வாயை மூடியது.

வாய் பேசாமல் இருந்தால் மனம் பேசும். செல்லக்கனியின் மனம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது.

'நேரே போகாம எதுக்கு இந்தப் பக்கம் திரும்புது?'

வக்கா மறுபடியும் திரும்பியது.

'எதுக்கு இப்ப அந்தப் பக்கம் போகுது?'

வக்கா திடீரென்று நின்றது. தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்டது. எதைக் கேட்கிறது? யாராவது கூப்பிடுகிறார்களா? கூட்டாளி யாரும் ஒளிந்திருக்கிறார்களா? செல்லக்கனி சுற்றிலும் பார்த்தது. யாருமே இல்லை. வக்கா மீண்டும் நடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அது திரும்பிப் பார்த்தது. செல்லக்கனியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடுக்கனின் முகத்தையும் பார்க்கவில்லை. கடுக்கனின் காலைப் பார்த்தது!

செல்லக்கனி குட்டிகளை இன்னும் நெருங்கி நடந்தது.

கடுக்கன் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சேற்றைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு வந்தது. அதற்கு விளையாட்டு. வக்காவின் சிவந்த கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை. அதன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்குகிறது!

'நரி சொன்னது நெசம்! நரி சொன்னது நெசம்!' என்று செல்லக்கனியின் மனம் அலறியது.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தது. "ஸ்ஸ்!" என்றது வக்கா, திரும்பிப் பார்க்காமலே.

அப்போது முன்னால் ஒரு மேடு தெரிந்தது. மேட்டில் தில்லை மரங்கள். அவற்றுக்கு இடையில் நேராக ஒரு வெளிச்சம். நரி சொன்ன அதே இடம்! வக்காவோ அதைப் பார்க்காதது போல, மேட்டைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் திரும்பியது.

திரும்பியதும், மின்னல் மாதிரி அலகைக் கீழே இறக்கியது. கடுக்கனின் கால் பக்கத்தில்! சளக்! கடுக்கன் துள்ளிக் குதித்தது.

அவ்வளவுதான். அதற்கு மேல் எந்தத் தாய் நிற்பாள்? செல்லக்கனி பொட்டுவைக் கழுத்தில் கவ்விக்கொண்டது. கடுக்கனைத் தலையால் முட்டித் தள்ளியது. ஒரே பாய்ச்சலில் வலது பக்கம் திரும்பி, தில்லை மரங்களுக்கு நடுவே ஓடியது.

மேட்டில் தரை கெட்டியாகத்தான் இருந்தது. 'நல்ல வழிதான்!' என்று செல்லக்கனி நினைத்தது. மேடு முடிந்தது. காலடியில் தரை கொழகொழவென்றது. செல்லக்கனி சட்டென்று நின்று பொட்டுவைக் கீழே விட்டது. முன்னால் வழியும் இல்லை, திட்டும் இல்லை. பளபளவென்று சேறுதான் மின்னிக்கொண்டிருந்தது.

"வா மதினி, வா!"

பின்னால், ஒரு தில்லை மரத்தின் மறைவில் இருந்து சங்கிலி வெளியே வந்தது. முன்பு போலவே, வக்கா போன காலடித் தடத்தை மிதித்தே மேடு வரை வந்திருந்தது. வாயைச் சப்புக்கொட்டியது.

"நீயா? நீ என்னை ஏமாத்திட்டே!"

"நானா? நான் எங்க ஏமாத்துனேன்? என்னை நம்பாதேன்னு அத்தனை வாட்டி சொன்னேனே மதினி! நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். அதை மட்டும் நீ கேக்கல!"

சங்கிலி பாய்ந்தது. செல்லக்கனி குட்டிகளோடு விலகித் தாவியது. முயல் லேசான உடம்பு. மூச்சு வேர்களின் மேல் காலை வைத்துத் தத்தித் தத்தித் தப்பியது. நரி கனத்த உடம்பு. பாய்ந்த வேகத்தில் தொப்பென்று சேற்றில் விழுந்து வயிறு வரை புதைந்தது.

"சவத்துச் சேறு!" என்று அது உறுமியது. தலைக்கு மேல் ஒரு தில்லைக் கிளை தாழ்ந்து தொங்கியது. எக்கி அதைப் பல்லால் கவ்வி, உடம்பை மேலே இழுக்கப் பார்த்தது.

தில்லை மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? கிளையை ஒடித்தால் வெள்ளை வெளேர் என்று பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கண் தெரியாது. அலையாத்திக் காட்டில் இருக்கிறவர்கள் அந்த மரத்துக்குச் சலாம் போட்டுவிட்டு விலகிப் போவார்கள். வக்கா அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனதும் அதனால்தான். பனங்காட்டு நரிக்கு இது எங்கே தெரியும்?

கிளை மளுக்கென்று ஒடிந்தது. பால் நரியின் முகத்தில் தெறித்தது.

"ஐயோ! என் கண்ணு! எரியுதே! ஒண்ணும் தெரியலையே!"

எரிச்சலிலும் அதன் வீறாப்பு குறையவில்லை. "எங்க போயிருவே மதினி? கண்ணு போனா என்ன, எனக்குக் காது இருக்கு, மூக்கு இருக்கு! இங்க ஒரே டிக்கு டிக்குன்னு சத்தமா இருக்கேன்னு பாக்கியா? பனங்காட்டு நரிலே நான்! சலசலப்புக்கெல்லாம் அஞ்ச மாட்டேன்!"

அது சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் குறைந்தது. டிக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டப். பிறகு அதுவும் இல்லை. காடு முழுவதும் கப்சிப்.

"அப்பாடா, அடங்கிட்டு!" என்றது சங்கிலி. "இப்ப நீ மூச்சு விட்டாலும் எனக்குக் கேக்கும்!"

ஆனால் செல்லக்கனியின் காதுகள் விறைத்து நின்றன. பிறந்ததிலிருந்து அது கேட்டு வந்த கேள்வி தானாக வாயில் வந்தது.

"சத்தம் எதுக்கு நின்னுச்சு?"

அது குனிந்து பார்த்தது. காலடியில் ஒரு குட்டி நண்டு. இதுவரை கையை ஆட்டிக்கொண்டிருந்த நண்டு, இப்போது சேற்றை உருட்டி உருட்டி இழுத்துக்கொண்டு வளைக்குள் இறங்கியது. உள்ளே போனதும் அந்தச் சேற்றால் வாசலை அடைத்துக்கொண்டது. பக்கத்து நண்டும் அடைத்தது. அதற்கடுத்த நண்டும் அடைத்தது. ஊரே கதவைச் சாத்துகிறது! எதற்குச் சாத்துவார்கள்? வெளியே ஏதோ வரப்போகிறது என்றால்தானே சாத்துவார்கள்?

வேர்களுக்கு இடையில் வெள்ளிக் கோடு மாதிரி ஏதோ ஊர்ந்து வந்தது. தண்ணீர்!

"கடல் ஏறுது!" என்று செல்லக்கனி கத்தியது. பேசக் கூடாது என்பதெல்லாம் அதற்கு மறந்துபோனது. "வக்காண்ணே! வக்காண்ணே! எங்க இருக்கிய?"

'வருமா? அதுக்குத்தான் செறகு இருக்கே. பறந்திருக்குமே!' என்று மனம் சொன்னது.

"குவாக்!" என்று தலைக்கு மேல் ஒரு சத்தம். வக்கா வந்து கண்டல் வேரில் இறங்கியது. அது பறந்துதான் வந்தது. ஆனால் விட்டுவிட்டுப் போவதற்காகப் பறக்கவில்லை. காடு முழுக்க இவர்களைத் தேடிப் பறந்திருக்கிறது!

"வேர் மேல ஏறு! சேத்துல காலை வைக்காதே! பிள்ளைகளை முன்னால விடு!"

"பேசலாமா மாமா?" என்று கடுக்கன் கேட்டது.

"இனிமே கத்துனாலும் ஒண்ணும் இல்லடே! ஏறு!"

வக்கா ஒரு வேரில் உட்காரும். கடுக்கன் அதில் தாவும். வக்கா அடுத்த வேருக்குப் போகும். செல்லக்கனி பொட்டுவைக் கவ்விக்கொண்டு தாவும். கீழே தண்ணீர் குளுகுளுவென்று ஏறியது. ஒரு வேர் வழுக்கியது. கடுக்கனின் பின்னங்கால் தண்ணீரில் போய்விட்டது. வக்கா அலகால் அதன் காதைப் பிடித்து இழுத்துப் போட்டது. செல்லக்கனி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த அலகு கடுக்கனின் காதில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

பின்னால் இருந்து அழுகுரல் வந்தது.

"மதினி! என்னை விட்டுட்டுப் போகாதே! தண்ணி கழுத்துக்கு வந்துட்டு! கண்ணு தெரியல! எந்தப் பக்கம் ஏறணும்னு சொல்லு மதினி!"

செல்லக்கனி பொட்டுவை ஒரு வேரில் விட்டுவிட்டுத் திரும்பியது. அதன் நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது: "என்னை நம்பாதே, நான் முயல்!" ஆனால் குட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆகவே உள்ளதைச் சொன்னது.

"உனக்கு இடது பக்கம் கண்டல் வேர் இருக்கு! ஏறிக்கோ! வலது பக்கம் போகாதே, ஓடை!"

சங்கிலி ஒரு கணம் யோசித்தது. 'முயல் எதுக்கு எனக்கு நல்லது சொல்லப்போகுது? நானா இருந்தா சொல்லுவேனா? இடதுன்னு சொன்னா வலதுதான்!'

அது வலது பக்கம் எட்டி நீந்தியது. ஓடை அப்படியே அதை வாரி எடுத்துக்கொண்டு போனது. நல்ல வேளை, உயிர் போகவில்லை. எங்கோ உப்பளத்துக் கரையில் அதை உருட்டித் தள்ளிவிட்டது. உடம்பெல்லாம் உப்புப் பூத்து, கண் வீங்கி, தட்டுத் தடுமாறிப் பனங்காடு வந்து சேர்ந்தது. அதன் பிறகு அந்த நரி அலையாத்திக் காட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

இங்கே திட்டில் என்ன நடந்தது தெரியுமா? பொட்டு ஊற்றில் மூக்கை வைத்ததுதான் தெரியும். வயிறு பானையாகும் வரை நிமிரவே இல்லை!

"ஏட்டி செல்லக்கனி! வந்துட்டியா?" என்று ஒரு குரல். மாரிக்கொழுந்து கீரி! நன்றாகக் கொழுத்து, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முள்ளெலி உருண்டையாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கள்லாம் உசுரோடவா இருக்கிய? பின்னே ஏன் திரும்பி வரல?"

"எதுக்கு வரணும்? அங்க தண்ணி இருக்கா? நல்லாக் கேட்டே போ!"

செல்லக்கனிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் அதற்குத் தண்ணீர் இறங்காது. வக்காவின் முன்னால் போய் நின்றது.

"வக்காண்ணே, நரி பேச்சைக் கேட்டு உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிருங்க. ஆனா எதுக்கு என் பிள்ளை காலையே பாத்துக்கிட்டு வந்திய? எச்சில் வேற முழுங்குனியளே!"

வக்கா வெட்கப்பட்டுத் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டது.

"மீனு," என்றது.

"மீனா?"

"சேறு மிதிபட்டா பொடிமீன் துள்ளும். உன் மூத்தவன் சளக்கு சளக்குன்னு எப்படி மிதிக்கான்! அவன் காலடியில எத்தனை மீனு! அதுதான் என் கூலி. உங்களைக் கூட்டிட்டுப் போனா எனக்கு வயிறு நிறையும். வேற என்னத்தைக் கேக்க?"

கடுக்கன் பெருமையோடு தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

"சரி, பேசக் கூடாதுன்னு எதுக்குச் சொன்னிய?"

"நண்டுக சொடுக்குப் போடுறது எனக்குக் கேக்கணும். அது நின்னா கடல் திரும்புதுன்னு அர்த்தம். நீங்க பேசுனா எப்படிக் கேக்கும்?"

"இதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஏன் அந்தப் பக்கம் ஓடுதேன்?"

மாரிக்கொழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"சொல்லியிருக்கணும்," என்றது வக்கா. "தூங்கிட்டேன். அது என் தப்பு. இனிமே சேத்துல கால் வைக்கிறதுக்கு முந்தி, கரையில வச்சே எல்லாத்தையும் சொல்லிருதேன். ஆனா நீயும் எனக்கு ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்கண்ணே!"

வக்கா தன் சிவந்த கண்ணால் இந்த முறை செல்லக்கனியின் முகத்தையே பார்த்தது.

"யார் மேல சந்தேகம் வந்தாலும் அவங்ககிட்டயே வாயைத் தொறந்து கேட்டுத் தெளிஞ்சுக்கோ தாயீ, அந்தச் சந்தேகத்தை ஊதிப் பெருசாக்குறவன்கிட்ட மட்டும் கொண்டு போயிராதே!"